மரத்தின் ஒரு பக்கம் கொம்பும் மறுபக்கம் தசைநாரும் ஒட்டிச் செய்யும் துருக்கிக் கொம்பு வில்லுக்கு மாட்டுத் தசைநாரைத் தயார் செய்வது எப்படி? வேகவைத்தால் எளிதில் பிரியுமா?

வேகவைக்கவே கூடாது. தசைநாரும் வஜ்ஜிரப் பசையும் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) ஒரே சரக்குதான், கொலாஜன் என்ற புரதம். ஈர நார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டாலே சுருண்டு ரப்பராகிவிடும். இன்னும் கொதித்தால் பசையாகக் கரையும்.

மாட்டின் பின்னங்கால் குதிநாரை வாங்குங்கள். நடுவில் வெட்டாமல் முழு நீளமாக வேண்டும் என்று கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கறியையும் கொழுப்பையும் சுரண்டி, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். தேன் நிறத்தில் கண்ணாடி போல மாறி, தட்டினால் கட்டை மாதிரிச் சத்தம் வரவேண்டும். அதற்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் பிடிக்கும்.

பலர் சொதப்புவது அடிக்கும்போதுதான். வழவழப்பான கல்லில் வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தி) அடியுங்கள். இரும்புச் சுத்தியின் விளிம்பு பட்டால் இழை அறும். அது வில் வளையும்போதுதான் தெரியவரும். முதலில் மேல் சவ்வு மஞ்சள் செதிலாக உதிரும், பிறகு உள்ளே வெள்ளையாகப் பிரியும். பிரியாமல் சப்பையாகிறது என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது; நிறுத்திவிட்டு இன்னும் சில நாள் காயவிடுங்கள்.

கையால் தீக்குச்சி கனத்துக்குக் கிழித்து, பிறகு இரும்புச் சீப்பால் வாருங்கள். சீப்பில் தங்கும் குட்டை இழைகளை எறியவேண்டாம், அவற்றைக் காய்ச்சினால் நல்ல பசை. ஓட்டோமான் (பழைய துருக்கிப் பேரரசு) வில் கம்மியர்களும் நார்ப்பசை பயன்படுத்தியவர்கள்தான்.

வாரிய நாரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். கொழுப்பு மிஞ்சினால் பசை பிடிக்காது. பல மாதம் கழித்து நார் பாளமாகக் கிளம்பும். நீளவாரியாகப் பிரித்துச் சிறு கட்டுகளாகக் கட்டி, காய்ந்தபின் ஒவ்வொன்றையும் எடைபோடுங்கள். வில்லின் இரண்டு கைகளுக்கும் (பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகள்) ஒரே எடை போகாவிட்டால் வில் ஒருபக்கம் இழுக்கும்.

ஒட்டும்போது நார்க்கட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சுமார் 50 டிகிரிப் பசையில் தோய்த்து (விரல் தாங்கும் சூடு), மிச்சப் பசையை வழித்துவிடுங்கள். பசை அதிகமானால் காய்ந்ததும் வெடிக்கும். முனைகள் ஒரே இடத்தில் சேராமல், செங்கல் வரிசை போல மாற்றி மாற்றி அடுக்கவேண்டும். ஓர் அடுக்கு நன்றாகக் காய்ந்தபின்தான் அடுத்தது. காயக் காய நார் சுருங்கி வில்லை எதிர்ப்பக்கம் இழுக்கும், அதற்காகப் பயப்படவேண்டாம். ஓட்டோமான் பட்டறைகளில் ஓர் ஆண்டு வரைகூடக் காயவிட்டார்கள். மழைக்காலத்தில் ஆரம்பித்தால் நீங்களும் மாதக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும்.