கேள்வி பதில்: பீர்க்கங்காய் நாரும் அலுமினிய நுரையும்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி: என் தம்பி 'மெட்டல் ஃபோம்' ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பிஎச்.டி. சேரப் போகிறான். நுரைக்கெல்லாம் டாக்டர் பட்டமா என்று அப்பா கிண்டல் செய்கிறார். அப்படி அதில் என்னதான் இருக்கிறது, சார்?

குளிக்கத் தேய்க்கிற பீர்க்கங்காய் நாரை எடுத்து அப்பாவிடம் காட்டுங்கள். அதை அப்படியே அலுமினியத்தில் வார்த்தால் அதுதான் மெட்டல் ஃபோம். நூற்றில் 90 பங்குக்கு மேல் ஓட்டை, மிச்சம்தான் உலோகம். வார்க்கிற முறை, மெழுகில் உருச் செய்து சிலை வார்க்கும் சுவாமிமலைக்காரர்களுக்குப் புதிதல்ல. மெழுகுக்குப் பதில் ஸ்பாஞ்ச், அதன் இடுக்கெல்லாம் அச்சுக் குழம்பை நிரப்பி இறுகவிட்டு, ஸ்பாஞ்சைச் சூட்டில் எரித்துவிட்டு, அது இருந்த இடத்தில் உருகிய உலோகத்தை விடுவார்கள்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு? ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது சூட்டைக் கைமாற்றும் கருவி. இங்கே குழாயில் ஓடும் சூடான திரவத்திலிருந்து வெளியே ஓடும் காற்றுக்குச் சூடு போக வேண்டும். காற்று லேசில் சூட்டை வாங்காது. வெப்பம் கடத்துவதில் தண்ணீரைவிட 20 மடங்குக்கு மேல் மந்தம். அதனால் காற்று படும் பரப்பைக் கூட்ட வேண்டும். ஒரு கன மீட்டருக்குள் சுமார் 700 சதுர மீட்டருக்கு மேல் பரப்பை அடைத்தால் அதைக் 'காம்பாக்ட்' வகை என்கிறார்கள். கார் ரேடியேட்டரில் 1000 வாக்கில் இருக்கும், நுண்துளை ஃபோமில் அதற்கும் மேலே போகலாம்.

பரப்பைப் பார்த்து மயங்கினால் போச்சு. நார் நாராக இருப்பதால் ஃபோம் வழியாகச் சூடு போவது கெட்டி அலுமினியத்தைவிடப் பல பத்து மடங்கு குறைவு. குழாயை ஒட்டிய நார்தான் உழைக்கும். தள்ளி இருப்பது காற்றின் சூட்டிலேயே சும்மா கிடக்கும், ஆனால் காற்றை மறிப்பதில் மட்டும் குறை வைக்காது. துளையைச் சிறிதாக்கினால் பரப்பும் ஏறும், காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயர் கொடுக்க வேண்டிய அழுத்தமும் ஏறும். அப்புறம் ஒட்டு. ஃபோமைக் குழாய்மேல் வெறுமனே அழுத்தி வைத்தால் இடையில் இருக்கிற மெல்லிய காற்று இடைவெளியே சூட்டைத் தடுத்துவிடும், பிரேசிங் செய்தாக வேண்டும், அதாவது இடையில் வேறொரு உலோகத்தை உருக்கி விட்டு ஒட்ட வேண்டும். சூடு எவ்வளவு போனது என்று மட்டும் எழுதிவிட்டு ப்ளோயர் எத்தனை வாட் இழுத்தது என்பதை விட்டுவிட்டால் என்னைப் பொறுத்தவரை அது பாதி ஆராய்ச்சிதான். தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். டிரையரிலிருந்து வெளியே போகும் சூடான காற்றை இந்த ஃபோம் வைத்துப் பிடிக்க முடியுமா?

வேண்டாம். தோலைத் தேய்த்து மெருகேற்றும்போது பறக்கும் பஃபிங் தூசியும் ஈரமும் சேர்ந்தால் அடைப்புதான். உங்கள் ஊர் பெல் ஆலையில் அனல்மின் நிலையங்களுக்கு ஏர் ப்ரீஹீட்டர் (வெளியேறும் புகையின் சூட்டால் கொதிகலனுக்குப் போகும் காற்றைச் சூடாக்கும் கருவி) செய்கிறார்கள் இல்லையா, அந்தச் சுழலும் சக்கரத்தில் தகடுகளுக்கு நடுவே காற்று நேராக ஓட வழி உண்டு, அப்படியிருந்தும் படியும் சாம்பலை ஊதித் தள்ள சூட் ப்ளோயர் வைத்தாக வேண்டியிருக்கிறது. ஃபோமுக்குள் நேர்வழியே கிடையாது, எதைக் கொண்டு ஊதுவீர்கள்? திறந்து கழுவக்கூடிய தகடு வகையே உங்களுக்குப் போதும், முன்னால் ஒரு ஃபில்டரும் போடச் சொல்லுங்கள்.

வேலூரிலிருந்து ஒரு கார்க்காரர்: அக்னி நட்சத்திரத்தில் வண்டி சூடேறுகிறது. ரேடியேட்டரில் ஃபோம் போட்டால் சரியாகுமா?

முதலில், எஞ்சின் ஆறிய பிறகு, கூலன்ட் அளவைப் பாருங்கள், ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக அடித்து, ரேடியேட்டர் துடுப்புகளில் சிக்கிய பூச்சியையும் புழுதியையும் வெளியேற்றுங்கள்.