சம்ப்பில் சாக்கடை வாடை: பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

கேள்வி: எங்கள் சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) 6,000 லிட்டர். மழை ஆரம்பித்ததிலிருந்து தண்ணீரில் சாக்கடை வாடை. ‘ரெண்டு கை பிளீச்சிங் பவுடர் போடுங்க, சரியாயிடும்’ என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போடலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூர்

பதில்: கை அளவெல்லாம் உப்புக்கும் புளிக்கும்தான். சாக்கடை கலந்த தண்ணீரில் கொட்டும் குளோரின், கிருமியை எட்டும் முன்பே அழுக்கில் செலவாகிவிடும். முதலில் சாக்கடை எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்.

காவிரித் தண்ணீர் விடும்போது, சம்ப்பில் விழும் இடத்திலேயே வாளியில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் நாறி, பிறகு தெளிந்தால் கோளாறு தெருக் குழாயில். தண்ணீர் விடாத நாளில் காலியாகக் கிடக்கும் குழாய், விரிசல் வழியாக யு.ஜி.டி. (பாதாளச் சாக்கடை) கசிவை உள்ளே இழுத்துக்கொள்ளும். குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் கொடுங்கள். சரிசெய்யும் வரை முதலில் வரும் தண்ணீரைச் சம்ப்பில் சேர்க்காமல் வெளியே விடுங்கள். வாளியில் சுத்தமாக வந்தால் சம்ப் சுவரில்தான் ஓட்டை. காலி செய்து ஓர் இரவு விட்டால் கசிகிற இடம் ஈரத்திட்டாகத் தெரியும். மூடியின் விளிம்பு தரையைவிட அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும்.

கழுவ ஆளை இறக்கும் முன் மூடியைத் திறந்துபோட்டு நன்றாகக் காற்றோட விடுங்கள். மூடிக்கிடந்த சம்ப்பில் மூச்சுமுட்டிச் செத்தவர்கள் உண்டு. மேலே இன்னொருவர் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது. டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, சம்ப்பை நிரப்பியபின் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 6,000 லிட்டருக்கு 300 கிராம். நல்ல பவுடரில் குளோரின் சுமார் 30 சதவீதம்தான் என்பதால் ஒரு கிலோ பவுடர். பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்து ஊற்றுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு மண்டி. அது சம்ப்புக்குள் போனால் தண்ணீர் கலங்கும். மேல்தொட்டிக்கு ஏற்றி, குளோரின் வாடை வரும்வரை ஒவ்வொரு குழாயையும் திறந்துவிட்டு மூடுங்கள். ஓர் இரவு ஊறியபின் முழுவதையும் வெளியேற்றுங்கள், செடிக்கு ஊற்ற வேண்டாம்.

அதன்பின் புதுத் தண்ணீர் நிரம்பும்போதெல்லாம் 20 கிராம் பவுடர் போதும். ஒரு மணி நேரம் கழித்துக் குழாய் நீரைக் குளோரின் சோதனைக் கிட்டில் பாருங்கள்: லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருந்தால் சரி. ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் இன்னும் 10 கிராம் சேர்த்து, மறுபடி ஒரு மணி நேரம் காத்திருந்து பாருங்கள். அப்போதும் மிஞ்சாவிட்டால் சாக்கடை இன்னும் கலக்கிறது, அல்லது பவுடர் செத்துவிட்டது. திறந்த மூட்டையில் ஈரம் ஏறிக் கட்டிதட்டிப்போன பவுடரை வாங்காதீர்கள். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அதன் கார்பன் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுங்கள், குளோரின் உள்ளே வடிகட்டும் சவ்வை (மெம்பரேனை) அரித்துவிடும்.

கேள்வி: கேஸ் விலையில் தினமும் தண்ணீர் காய்ச்ச முடியவில்லை. வெயிலில் பாட்டில் வைத்தால் போதுமா?
- வாசகர், லிங்கராஜபுரம்

பதில்: போதும், வெயில் இருந்தால். நிறமில்லாத, கீறல் விழாத, இரண்டு லிட்டருக்கு மேற்படாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் வேண்டும். நீல நிற 20 லிட்டர் கேன் உதவாது. லேபிளைக் கிழித்து, நிரப்பி, தகரக் கூரையில் படுக்கவைத்து ஆறு மணி நேரம் விடுங்கள். மேகமூட்டமென்றால் முழுசாக இரண்டு நாள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெயில் ஊடுருவாது: நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி, வாய்வழியே குனிந்து பாருங்கள், எழுத்து தெரியாவிட்டால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். பாட்டிலிலிருந்தே குடியுங்கள், குடத்தில் கொட்டினால் மறுபடி கை படும். ஜூலை, ஆகஸ்ட் பெங்களூர் வானத்தை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் லேஅவுட்டில் யு.ஜி.டி. இல்லை. ஒரே பிட் (கழிவறைக் குழி), ஆறு மாதத்தில் நிரம்புகிறது. கழிவை உறிஞ்சி எடுக்கும் ஹனி சக்கர் வண்டிக்குக் கொடுத்து மாளவில்லை.
- வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: குளியல், துணி துவைக்கும் தண்ணீரும் அதே பிட்டில் போகிறதா? அதை முதலில் பிரியுங்கள். பிட்டின் அடியில் சிமென்ட் பூசியிருந்தால் நீர் இறங்க வழியே இல்லை.

நிரந்தர வழி, இரட்டைக் குழி. உள்விட்டம் ஒரு மீட்டர், ஆழம் ஒன்றேகால் மீட்டர், இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. செங்கல்லை இடைவெளி விட்டுக் கட்டுங்கள், அடியில் வெறும் மண். கழிவறைக் குழாய் இரண்டு குழிக்கும் பிரிகிற ஒய் வடிவ சேம்பரில் ஒரு வழியைச் செங்கல் வைத்து அடைத்தால், ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு குழி இரண்டு வருடம் தாராளமாக வரும். நிரம்பியதும் வழியை மாற்றி, பழையதை இரண்டு வருடம் மூடிப்போட்டால் எருவாகிவிடும், நாறாது.

ஆனால் நிலத்தடி நீர் குழியின் அடியிலிருந்து இரண்டு மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். குடிநீர்க் கிணறு 10 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. 20க்கு 30 அடி மனையில் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். அளவு இடிக்கிறதென்றால் கசியாத செப்டிக் டேங்க்தான், வண்டியைத் தவிர்க்க முடியாது. அடைப்பெடுக்க ஆளை மட்டும் இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி அது குற்றம்.

வழி மாற்றிய தேதியைச் சேம்பர் மூடியின் அடிப்பக்கம் பெயின்ட்டில் எழுதிவையுங்கள். இரண்டு வருடம் கழித்து வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.