முடிவிலியைக் கேள்வி கேட்கும் மகள்

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் மகள் எப்போதும் தத்துவம் பேசுகிறாள், பிழைப்புக்கு என்ன செய்வாள் என்று கேட்டீர்கள். நீங்கள் வெளியே அமர்ந்திருந்தபோது அவள் தன் நோட்டைக் காட்டினாள். எலெக்ட்ரான் தன்னைச் சுற்றித் தானே உண்டாக்கும் மின்புலத்தால் பெறும் ஆற்றலைக் கணக்கிட்டிருந்தாள். விடை முடிவிலி. பக்கத்தில் பென்சிலால், 'இதைக் கழித்துவிட யார் அனுமதி தந்தது?' என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

மேதைகளே மல்லுக்கட்டிய கேள்வி அது. 1947இல் லாம்ப், ரெதர்ஃபோர்டு என்ற இயற்பியலாளர்கள், ஹைட்ரஜன் அணுவில் சமமாக இருக்க வேண்டிய இரண்டு ஆற்றல் நிலைகளுக்கு நடுவே சிறு இடைவெளி இருப்பதை அளந்து காட்டினார்கள். அந்த இடைவெளியைக் கணக்கிடப் போனால் இதே முடிவிலி குறுக்கே நின்றது. இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே ரயில் பயணத்திலேயே அதற்கு வழி கண்டார். தன் புலத்தை உதறிவிட்டுத் தனியே நிற்கும் எலெக்ட்ரானை யாராலும் எடைபோட முடியாது. அளந்த நிறையில் புலத்தின் பங்கும் ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஆகவே அதைக் கழிக்கலாம் என்றார். அந்த இடைவெளிக்கு அவர் பெற்ற விடை, அதிர்வெண் அளவில், சுமார் 1040 மெகாஹெர்ட்ஸ். சோதனையோடு நன்றாகவே ஒத்துப்போனது. இந்த முறையை முழுமையாக்கிய டொமொனாகா, ஷ்விங்கர், ஃபெயின்மன் மூவரும் 1965இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனாலும் குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவரான டிராக் கடைசிவரை இதை ஏற்கவில்லை. பிறகு இயற்பியலாளர் கென்னத் வில்சனின் சிந்தனை வேறொரு பார்வையைத் தந்தது: ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டி இழுத்தால்தான் முடிவிலி தலைகாட்டுகிறது. இது முழு விளக்கமா, தற்காலிகச் சமாதானமா என்று இயற்பியல் தத்துவ அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். உங்கள் மகள் போக விரும்புவது அந்த இடத்துக்குத்தான்.

ஒன்றை மட்டும் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். கணக்கில் கை தேறாமல் இந்தத் தத்துவத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. முதலில் எம்.எஸ்சி. இயற்பியல். ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் தேர்வு. கோட்பாட்டு இயற்பியல் ஆராய்ச்சிக்கு ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கு அது ஒரு வாசல். அங்கே ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு, உங்கள் சேமிப்பில் கைவைக்க வேண்டியதில்லை. தத்துவம் அதற்குப் பிறகுதான். ஆக்ஸ்ஃபோர்டு, பிட்ஸ்பர்க் போன்ற பல்கலைக்கழகங்களில் அதைப் படிக்க வழி இருக்கிறது. ஆனால் அதில் ஆசிரியப் பணியிடங்கள் மிகக் குறைவு. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அதனால் கணினி நிரல் எழுதவும் இப்போதே பழகட்டும். பாதை மாறினாலும் அது சோறு போடும்.

இந்த விடுமுறையில் பெத்தேயின் கணக்கை முதல் வரியிலிருந்து அவளே போட்டுப் பார்க்கட்டும். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.