பைப் இல்லாமல் சுவருக்குள் புதைத்த ஒயர்: ஒப்பந்ததாரர் கைகழுவ முடியுமா?

கேள்வி: திருச்சிக்கு அருகே எங்கள் சொந்த மனையில், பொருள்களோடு சேர்த்து 38 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் பேசி வீடு கட்டினோம். சாவி வாங்கி 20 மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் டிவி அலமாரி பொருத்துவதற்காகத் தச்சர் சுவரில் துளையிட்டபோது மின்சாரம் தாக்கி, ஏணியிலிருந்து விழுந்து, கை எலும்பு முறிந்துவிட்டது. பூச்சை உடைத்துப் பார்த்ததில், சுவிட்ச் போர்டிலிருந்து ஏசி பாயிண்ட் வரை ஒயர் சாய்வாக, பைப்பே இல்லாமல் பூச்சுக்குள் ஓடுவது தெரிந்தது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் வீட்டில் இல்லை. “கேட்காமல் துளையிட்டது உங்கள் தவறு, எங்கள் உத்தரவாதமும் ஓராண்டோடு முடிந்துவிட்டது” என்கிறார் ஒப்பந்ததாரர். மருத்துவச் செலவைத் தச்சர் என்னிடம் கேட்கிறார். சுவரைப் பூசிவிட்டு வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: இப்போது பூச வேண்டாம். உங்கள் வழக்கின் முதன்மைச் சாட்சி அந்தச் சுவர்தான். அதை மூடிவிட்டால், பைப் இருந்ததா இல்லையா என்பது உங்கள் சொல்லுக்கும் அவர் சொல்லுக்கும் இடையிலான வாதமாகச் சுருங்கிவிடும். அந்த ஒயருக்கு மின்சாரம் தரும் எம்சிபி சுவிட்சை அணைத்து, மற்றவர்கள் மீண்டும் போட்டுவிடாதபடி செய்துவிட்டு, உடைத்த பகுதியை அப்படியே விடுங்கள். அளவுகோலை அருகில் வைத்து, ஒயர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, போர்டிலிருந்து எந்தத் திசையில் செல்கிறது என்பது தெளிவாகத் தெரியும்படி படமெடுங்கள். அந்தப் படங்களையும் ஒப்பந்ததாரரின் வாட்ஸ்அப் செய்திகளையும் தாக்கல் செய்யும்போது, பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்துக்குத் தர வேண்டிய சான்றிதழையும் இணைத்துவிடுவது பின்னால் எழக்கூடிய ஆட்சேபத்தைத் தவிர்க்கும்.

அடுத்து, உரிமம் பெற்ற, ஒப்பந்ததாரரோடு தொடர்பில்லாத ஒரு மின் பொறியாளரை அழைத்து எழுத்துப்பூர்வமான ஆய்வறிக்கை பெறுங்கள். உறையில்லாத தனி ஒயர்களைப் பைப்புக்குள் அல்லாமல் நேரடியாகப் பூச்சுக்குள் புதைப்பது, மின் கம்பியமைப்புக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 732-க்கு ஒத்ததன்று. பூசுவதற்கு முன்பே சுவரில் காடி வெட்டி, பைப்பைப் பதித்து, ஆய்வுப் பெட்டிகள் வைத்து, அதற்குள் ஒயரை இழுப்பதுதான் முறை. பிற்காலத்தில் சுவரை உடைக்காமலே ஒயரை மாற்ற முடிவதும் அதனால்தான். 500 வோல்ட்டில் சோதிக்கும்போது காப்புத் தடை (மின்கசிவை ஒயரின் காப்புறை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதையும், வீடு முழுவதும் இதே குறை உள்ளதா என்பதையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு சுவருக்கான இழப்பீட்டுக்கும் வீடு முழுவதற்கும் புது ஒயரிங் செய்யும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சோதனையில்தான் இருக்கிறது.

சாய்வாக ஒயர் ஓடுவதையே பெரிய குறையாக எழுத உங்களுக்குத் தோன்றலாம். பிரிட்டனின் பிஎஸ் 7671 விதிமுறை, 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் பதிக்கும் ஒயர்கள் சுவிட்ச் அல்லது பாயிண்ட்டிலிருந்து நேர் மேலோ, கீழோ, பக்கவாட்டிலோ, அல்லது கூரையையும் சுவர் மூலையையும் ஒட்டிய 150 மில்லிமீட்டர் பட்டைக்குள்ளோ செல்ல வேண்டும் என்று பாதுகாப்பு மண்டலங்களை வகுத்திருக்கிறது. சுவரைப் பார்க்கும் எவரும் ஒயர் எங்கே இருக்கும் என்று ஊகிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நல்ல வேலைக்காரர்கள் இங்கேயும் அப்படித்தான் செய்கிறார்கள், பொறியாளரும் அதைக் குறிப்பிடலாம். ஆனால் அந்நிய நாட்டு விதியை முன்னிறுத்தினால் வாதம் திசைமாறும். பைப் இல்லாததை முதலில் வையுங்கள், ஆர்சிசிபி இல்லாததை இரண்டாவதாக, சாய்வை மூன்றாவதாக. இந்த மூன்றும் சேரும்போது, “கேட்காமல் துளையிட்டது உங்கள் தவறு” என்ற பதிலுக்கு வலுவில்லை. போர்டோ பாயிண்ட்டோ நேரே இல்லாத இடத்தில் துளையிட்டவரிடம், கண்ணுக்குத் தெரியாத ஒயரை ஏன் தவிர்க்கவில்லை என்று கேட்பது நியாயமாகாது.

ஓராண்டு உத்தரவாதம் என்பது, அந்தக் காலத்துக்குள் பழுதைத் தம் செலவில் சரிசெய்வதாக அவர் கொடுத்த கூடுதல் வாக்குறுதி. அது முடிந்ததால், முதலிலேயே குறைபாடாக வேலை செய்ததற்கான பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. குறித்த காலம் கடந்தால் உரிமையே அழியும் என்ற நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி செல்லாது. மின்வேலையை உள்ஒப்பந்தத்துக்கு விட்டதாக அவர் சொன்னாலும், உங்களோடு ஒப்பந்தம் செய்தவர் அவரே.

மின் இணைப்புக்காகக் கொடுத்த ஒயரிங் நிறைவு அறிக்கையில் யாருடைய உரிம எண் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டை எட்டிப்பார்க்காதவர் கையெழுத்திட்ட அறிக்கைகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. உங்களிடம் பிரதி இல்லையென்றால், உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். சிறு பழுதுகளைத் தவிர்த்த மின்வேலைகள் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறை. அறிக்கையில் கையெழுத்திட்டவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம்.

வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தின் பொருளில் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993-இல், லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் சொல்லிவிட்டது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். கட்டணம் 1,000 ரூபாய். சொந்த மனையில் தனி வீடு என்பதால், மனை, வீடு விற்கும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் ஐந்தாண்டுக் குறைபாட்டுப் பொறுப்பு உங்களுக்குப் பொருந்தாது. காலவரம்பைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 69-ஆம் பிரிவு இரண்டாண்டுகள் தருகிறது. மறைந்திருந்த குறை என்பதால், தெரியவந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று வாதிடலாம். அந்த வாதத்தையே நம்பியிருக்காமல், சாவி வாங்கிய நாளிலிருந்து இரண்டாண்டு நிறைவதற்குள், அதாவது அடுத்த நான்கு மாதங்களுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். முன்னதாக, 15 நாள் அவகாசம் கொடுத்து, சுவரை நேரில் வந்து பார்வையிடும்படி அழைத்து, ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் ஒப்பந்ததாரருக்கு அறிவிப்பு அனுப்புங்கள். அவர் வராவிட்டால், அதுவும் உங்களுக்குச் சாதகமே. மனுவோடு, ஆணையத்தின் சார்பில் சுவரைப் பார்வையிட, நிபுணர் துணையுடன் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோரும் இடைமனுவையும் கொடுங்கள். அந்த ஆணையர் பார்வையிட்டு அறிக்கை கொடுத்த பிறகு, ஆணையத்தின் அனுமதியோடு சுவரைச் சரிசெய்யலாம்.

தச்சருக்கு மருத்துவச் செலவைக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. மறைந்த ஆபத்தை நீங்கள் அறிந்திருக்கவில்லை என்பது உங்களுக்கு வலுவான எதிர்வாதம்தான். ஆனால் அவர் உங்கள் வழக்கின் சாட்சி, கை முறிந்து வேலையில்லாமல் இருப்பவரும்கூட. பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமல், மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாக எழுதி ரசீது வாங்கினால், அந்தத் தொகையையும் ஒப்பந்ததாரரிடம் கோரலாம். தச்சர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்றும் விசாரியுங்கள். கவனக்குறைவான செயலால் காயம் விளைவித்ததாக, பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவின் கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தச்சருக்கு உரிமை உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும், உங்கள் பேரத்துக்கான கருவியாக அதைப் பயன்படுத்த வேண்டாம்.