பாதி பஸ்ஸும் முழு வாடகையும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தேவகோட்டை, காரைக்குடி, பள்ளத்தூர்ப் பக்கம் ராக் கேட்கிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராக் கச்சேரி. வசூல் முழுக்கக் குழந்தைகளின் இருதய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறது என்கிறார்கள். 33 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கலர் லைட், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வைத்த 33 சீட் டூரிஸ்ட் பஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். போகும்போதே கொண்டாட்டம் ஆரம்பித்துவிட வேண்டும் என்பது ஆசை. செலவை எப்படிப் பிரிப்பது? முடிந்ததும் அன்றிரவே திரும்பலாமா? பஸ்ஸிலேயே ஆளுக்கு 500 ரூபாய் வசூலித்து அந்த அறக்கட்டளைக்குக் கொடுக்க நினைக்கிறோம், சரிதானா? பஸ் தேவகோட்டைக்கே வந்து எங்களை ஏற்றிக்கொண்டால் நல்லது.

க., தேவகோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

பெயர் கொடுத்தவர்கள் 33 என்றால் 26, 27 பேர் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பஸ்காரருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அவர் பஸ்ஸுக்கு வாடகை பேசுகிறார், உள்ளே எத்தனை தலை என்று பார்ப்பதில்லை. வராமல் போகிறவரின் பங்கு வந்தவர்கள் தலையில் விழும், அதுவும் கிளம்புகிற அன்று காலையில் விழும். கூட்டுப் பயணங்களில் வருகிற சண்டைகளில் பாதி இதில் முளைத்தவைதான்.

நகரத்தார் கோயில்களில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணி வரி போடுகிற முறையை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி இத்தனை, புள்ளிக்கு இவ்வளவு என்பது முதலில் முடிவாகிவிடும். நீங்களும் அப்படியே செய்யலாம். 33 சீட்டில் கடைசி வரிசை 5 சீட். அது பின் சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் தூக்கிப் போடும், பெரும்பாலான வண்டிகளில் சாயவும் சாயாது. அதைக் கணக்கில் சேர்க்காமல் 28 புள்ளி என்று வையுங்கள்.

இனி செலவு. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர், விழுப்புரம் வழியாகச் சென்னை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். போக வர 840. சென்னைக்குள் சுற்றுவதும், பஸ் ஷெட்டிலிருந்து வந்து திரும்புவதும் சேர்த்தால் 900. கிலோமீட்டருக்கு 40 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் வாடகை 36,000. டோல்கேட்டுக்கு 6,000. டிரைவர் இருவருக்கு இரண்டு நாள் பேட்டா, நாளுக்கு 1,000 வீதம் 4,000. டிரைவர்கள் தூங்க அறை 1,500, பார்க்கிங் 500. ஆக 48,000. எதிர்பாராத செலவுக்கு நூற்றுக்கு ஐந்து, 2,400. மொத்தம் 50,400. 28 புள்ளிக்குப் பிரித்தால் தலைக்கு 1,800. உங்கள் பஸ்காரர் சொல்லும் தொகையை வைத்து இதே வரிசையில் போட்டுப் பாருங்கள், எண்கள் மாறும், இனங்கள் மாறாது.

பணம் கட்டினால்தான் சீட். பத்து நாளுக்கு முன் வசூல் முடிய வேண்டும். வர முடியாதவர் மாற்று ஆளைக் கொடுத்தால் பணம் திரும்பும், இல்லையென்றால் இல்லை. கடைசி வரிசைக்கும் ஆள் கிடைத்து 33 பேரும் வந்தால் 9,000 மிச்சமாகும். அதை ஆளுக்குத் திருப்பிக் கொடுப்பதா, அறக்கட்டளைக்குச் சேர்ப்பதா என்பதை வசூலுக்கு முன்பே குழுவில் எழுதிவிடுங்கள். கச்சேரி முடிந்த சந்தோஷத்தில் "அப்படியே தர்மத்துக்குக் கொடுத்துடுவோம்ணே" என்று ஒருவர் சொன்னால் மறுப்பவர் கஞ்சன் ஆகிவிடுவார். அந்த நிலைக்கு யாரையும் தள்ள வேண்டாம்.

பஸ்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டிய ஒன்று, நாள் கணக்கு. பலர் நள்ளிரவு 12 மணிக்கு நாளை முடித்துவிடுவார்கள், 12:05-க்கு அடுத்த நாள் வாடகை தொடங்கிவிடும். ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கிலோமீட்டர் என்றும் இருக்கும். சென்னைக்கு 900 கிலோமீட்டர் ஓடுவதால் உங்களுக்கு இது உறைக்காது. மதுரையில் கச்சேரி என்றால் உறைக்கும். போக வர 180 கிலோமீட்டர்தான், ஆனால் பத்து மணிக்கு முடிந்து, கூட்டம் கலைந்து, மேலூர் தாண்டி ஊர் வந்து சேர 12 தாண்டிவிடும். ஓடியது 180, பில் 600 கிலோமீட்டருக்கு. "24 மணி நேரக் கணக்கு" என்று பேசி, அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். டோல்கேட்டிலும் ஒரு சங்கதி உண்டு. அதே டோலை 24 மணி நேரத்துக்குள் திரும்பக் கடந்தால் போக வரச் சேர்த்து ஒன்றரை மடங்குதான் கட்டணம். டோலைத் தனியாக வாங்குகிற பஸ்காரராக இருந்தால் ஃபாஸ்டேக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு முழுக் கட்டணம் போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம். நீங்கள் எடுப்பது மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் ஒப்பந்த ஊர்தி. மொத்தமாக வாடகைக்கு அமர்த்திய கூட்டம் மட்டும்தான் அதில் போகலாம், வழியில் ஆள் ஏற்றிக் காசு வாங்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் "சீட் 1,800, யார் வேணும்னாலும் வரலாம்" என்று போஸ்டர் போட்டால் அது டிக்கெட் விற்பதாகிவிடும். விபத்து என்று ஒன்று வந்தால் பெர்மிட் மீறலைச் சொல்லி இன்சூரன்ஸ்காரர் நழுவ நாமே வழி விட்டதாகவும் ஆகும். பில் ஒருவர் பெயரில் இருக்கட்டும், வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல் டிரைவரிடம் இருக்கட்டும். நண்பரின் வெள்ளை போர்டு வேனை, அதாவது சொந்த உபயோகத்துக்கான வண்டியை, சும்மா வாடகைக்கு எடுக்கிற யோசனையை மறந்துவிடுங்கள்.

இப்போது அந்தக் கலர் லைட் பஸ். முன்பணம் கொடுக்கும் முன் பகலில் நேரே போய்ப் பாருங்கள். சப்-ஊஃபர் பெட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் கவனியுங்கள். அவசரக் கதவை மறைத்து வைத்திருந்தால் அந்த பஸ் வேண்டாம், பேரமும் வேண்டாம். அவசரக் கதவை ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள், பெயிண்ட் அடித்து ஒட்டிப்போன கதவுகள் உண்டு. தீயணைப்பான் தேதி, கண்ணாடி உடைக்கும் சுத்தியல், டயர். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் இவற்றின் தேதிகளை வண்டி எண்ணை வைத்து எம்பரிவாகன் செயலியில் பார்த்துவிடலாம். லைட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பிற்பாடு இழுத்த வயர் ஃப்யூஸ் வழியாகப் போகிறதா என்று கேளுங்கள். பேட்டரியிலிருந்து நேரே இழுத்திருந்தால், உரசித் தோல் போன இடத்தில் ஷார்ட் ஆகி சீட்டுக்கு அடியில் புகையும். இன்னொன்று, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டு மட்டும் ஓடவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். கிளம்பும்போது செல்ஃப் எடுக்காது. 33 பேரும் இறங்கித் தள்ளினாலும் இந்த அளவு பஸ் லேசில் நகராது.

வண்டி ஓடும்போது நின்று ஆடுவதை டிரைவர் அனுமதித்தாலும் நீங்கள் அனுமதிக்காதீர்கள். 80-இல் போகிற பஸ் ஒரு நாய்க்காக பிரேக் அடித்தால் நிற்கிறவர் முன் கண்ணாடி வரை போவார். ஆட்டம் எல்லாம் நிறுத்தும் இடங்களில் இருக்கட்டும். பின்னாளில் கொச்சிக்குக் கச்சேரி பார்க்கப் போகிற எண்ணம் இருந்தால் இந்த பஸ் அங்கே ஆகாது. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் நடந்த டூரிஸ்ட் பஸ் விபத்துக்குப் பிறகு கேரளத்தில் இந்த லைட், சவுண்டு விவகாரத்தில் கடுமையாக இருக்கிறார்கள்.

காதுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ராக் கச்சேரியில் மேடைக்கு அருகில் அந்த அளவு சாதாரணம். எட்டு மணி நேரம் பஸ்ஸில் அலறவிட்டு அதன் மேல் கச்சேரியையும் கேட்டால் மறுநாள் காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம் இருக்கும். திருச்சி தாண்டும் வரை பாட்டு, பிறகு ஓய்வு, மதுராந்தகத்துக்குப் பிறகு மறுபடி பாட்டு என்று பிரியுங்கள். ஃபோம் காதடைப்பான் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள், பாட்டு கெடாது. திரும்பும்போது பாட்டே வேண்டாம்.

இரவே திரும்புவது பற்றி. ரயில் உதவாது. பல்லவன் காலையில் காரைக்குடியில் கிளம்பி, எழும்பூரிலிருந்து பிற்பகலிலேயே திரும்பிவிடும். இரவே திரும்பலாம், ஆனால் அது டிரைவரின் பகல் தூக்கத்தைப் பொறுத்தது. திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் பொதுவான அனுமதி, அதனால் கச்சேரி பத்துக்கு முடிந்துவிடும். மைதானத்திலிருந்து வெளியே வந்து, ஆள் எண்ணி, பஸ் ஏற 11. காரைக்குடி சேரக் காலை 7. இதில் 2 மணி முதல் 5 மணி வரை, உளுந்தூர்ப்பேட்டைக்கும் திருச்சிக்கும் இடையில், கண் அசருகிற நேரம். அதனால்தான் மேலே அறைக்கு 1,500 போட்டேன். காலை 5 மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை இரண்டுக்குச் சென்னை. டிரைவர்கள் சாப்பிட்டுவிட்டு மூன்றிலிருந்து ஒன்பது வரை மின்விசிறி ஓடுகிற அறையில் படுக்க வேண்டும். வெயிலில் நிற்கிற பஸ்ஸுக்குள் யாரும் தூங்க முடியாது. சட்டப்படியும் போக்குவரத்துத் தொழிலாளிக்கு நாளுக்கு 8 மணி நேரம் வேலை, ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து ஓட்டாமல் அரை மணி இடைவேளை. எனவே இரண்டு டிரைவர். கிளீனரைக் காட்டி "இவரும் ஓட்டுவார்" என்றால், கனரக லைசென்ஸைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா சாலையில் பஸ் நிற்க விடமாட்டார்கள். இறக்கிவிட்டு ஓடிவிடும். திரும்ப ஏறும் இடத்தை இறங்கும்போதே ஒரு கடை, ஒரு கம்பம் என்று அடையாளத்தோடு முடிவுசெய்து எல்லோரும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் ஆள் கூடினால் செல்போன் டவர் திணறும், லொகேஷன் அனுப்புவது எல்லாம் நடக்காது. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். 10:45-க்கு வராதவரைத் தேட இருவர், மற்றவர்கள் இடத்தை விட்டு நகரக் கூடாது. பஸ்ஸைக் கிண்டிப் பக்கம் நிறுத்த வேண்டி வந்தால் நந்தனத்திலிருந்து மெட்ரோவில் போய்விடலாம், ஆனால் இரவு 11 மணியோடு மெட்ரோ முடியும்.

33 டிக்கெட்டையும் ஒரே போனில் வைத்திருக்காதீர்கள். அந்த போன் சார்ஜ் போனால் வாசலில் 33 பேரும் நிற்பீர்கள். மழையையும் எண்ணிக்கொள்ளுங்கள். 2023-இல் சென்னைப் பனையூரில் ஆகஸ்ட் 12 நடக்கவிருந்த பெரிய இசை நிகழ்ச்சி மழையால் செப்டம்பர் 10-க்குத் தள்ளிப்போனது, அன்றைக்கும் டிக்கெட் இருந்தும் நெரிசலில் உள்ளே போக முடியாதவர்கள் பலர். தேதி மாறினால் முன்பணம் புதுத் தேதிக்குச் செல்லுமா என்று பஸ்காரரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

சாப்பாட்டுக்குக் காலையில் பொடி தடவிய இட்லி, மதியம் புளியோதரை. இரண்டையும் சூட்டோடு கட்டாதீர்கள், ஆவி இறங்கி வேர்த்து ஊசிப்போகும். தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, வாட்டிய வாழையிலையில் கட்டவும். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று. தேன்குழலும் சீடையும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து எப்படியும் வரும். சரக்கு பஸ்ஸில் ஏறக் கூடாது. குடித்தவரை மைதான வாசலில் நிறுத்திவிடுவார்கள், அவருக்குத் துணையாக இன்னொருவரும் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் ஆளுக்கு 500 வசூலிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நோக்கத்தில் குறை இல்லை, வழியில்தான் குறை. நீங்கள் வசூலித்து அனுப்பினால் ரசீது உங்கள் ஒருவர் பெயரில் வரும். ஒவ்வொருவரும் தம் கணக்கிலிருந்து, பான் எண்ணோடு, அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பட்டும். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும் பதிவு உள்ள அறக்கட்டளை என்றால் அதற்கான சான்றிதழ் அவரவர் பெயரில் வரும். பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் அந்தக் கழிவு கிடைக்கும், ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை. டிக்கெட் விலை நன்கொடை ஆகாது, அதற்குப் பதிலாகக் கச்சேரி பார்க்கிறீர்கள்.

"வசூல் முழுக்க" என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள். டிக்கெட் பணமா, செலவு போக மிச்சமா, பணம் எந்த அறக்கட்டளையின் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இந்த வகைக் கச்சேரிகளின் மூத்த உதாரணமே சாட்சி. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் நடத்திய கச்சேரியில் டிக்கெட் வசூல் சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரும் பணம் வரிச் சிக்கலில் மாட்டி ஆண்டுக்கணக்கில் முடங்கியது. வரி விலக்குக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யவில்லை, அவ்வளவுதான் காரணம்.

தேவகோட்டைக்கு பஸ் வர வேண்டாம். காரைக்குடியிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டர் இறங்கி மறுபடி ஏறினால் போக 40, வர 40. மேலே சொன்ன கணக்கில் 3,200 ரூபாய், அதோடு அதிகாலைத் தூக்கத்தில் ஒரு மணி நேரம். உங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை பேரோ, பைக்கில் வந்து காரைக்குடி நண்பர்கள் வீட்டில் விட்டுவிட்டு ஐந்து மணிக்கு ஏறுங்கள். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆட்கள் போகிற வழியிலேயே ஏறிக்கொள்ளலாம், பெயர்ப் பட்டியலில் ஏறும் இடத்தையும் எழுதிவிடுங்கள். திரும்பும்போது திருமயத்தில் எல்லோரையும் எழுப்பிவிடவும். பள்ளத்தூரில் இறங்க வேண்டியவர் காரைக்குடி வரை தூங்கிவிட்டு, பஸ்ஸைத் திருப்பச் சொல்வார்.