போர்டு போகவில்லை, டிரைவர்தான் இல்லை

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் எடுத்த 35 எம்.எம். நெகட்டிவ்கள் ஆறு பிஸ்கட் டின் நிறையக் கிடக்கின்றன. அவர் வாங்கிய நிக்கான் கூல்ஸ்கேன் வி இ.டி. ஸ்கேனரும் இருக்கிறது. அதோடு இருந்த விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் போய்விட்டது. என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் நிக்கான் ஸ்கேன் சாஃப்ட்வேரைப் போட்டேன், ஸ்கேனர் இல்லை என்கிறது. கடைக்காரர், "போர்டு போயிடுச்சு, 2,000 ரூபாய்க்கு நானே எடுத்துக்கிறேன்" என்கிறார். போனில் ஒருவர் 3,500 ரூபாய்க்கு 'ஒரிஜினல் டிரைவர்' போட்டுத் தருகிறாராம். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம். முதலில் அந்த டிரைவர்காரர். டிரைவர் என்பது ஸ்கேனரை விண்டோஸுக்கு அடையாளம் காட்டி ஓட்டவைக்கும் நிரல். உங்கள் ஸ்கேனருக்கு நிக்கான் கடைசியாகக் கொடுத்த விண்டோஸ் சாஃப்ட்வேர் நிக்கான் ஸ்கேன் 4.0.3. அதையும் இலவசமாகத்தான் கொடுத்தது. அது பழைய 32 பிட் விண்டோஸ் விஸ்டாவோடு நின்றுவிட்டது. விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை, ஒன்றுக்கு எழுதிய டிரைவர் மற்றதில் ஓடாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும். 64 பிட்டுக்கு நிக்கான் டிரைவர் எழுதவே இல்லை. எழுதாத ஒன்றை ஒருவர் 'ஒரிஜினல்' என்று விற்கிறார் என்றால் அவர் என்ன விற்கிறார் என்று யோசியுங்கள். "ரிமோட்ல வரேன், ஒரு கோட் சொல்லுங்க" என்று அடுத்து கேட்பார். சொன்னீர்களானால் அவர் கைக்குப் போவது ஸ்கேனர் அல்ல, உங்கள் பேங்க் கணக்கு திறக்கும் லேப்டாப். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் 'டிரைவர் அப்டேட்' சாஃப்ட்வேர்களும் இதே ஜாதிதான்.

இனி கடைக்காரர். போர்டு போய்விட்டதா என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். ஸ்கேனரை ஆன் செய்யுங்கள். முன்னால் உள்ள விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால் அது தன்னைத்தானே சோதித்துப் பார்த்து, சரி என்று சொல்கிறது. படபடவென்று விடாமல் மினுக்கினால் மட்டும் கவலைப்படலாம். அடுத்து யு.எஸ்.பி. வயரை ஹப் எதுவும் இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகி டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒரு பெயர் இருக்கும். அதன் உள்ளே ஹார்டுவேர் ஐ.டி.யில் 04B0 என்றும் 4001 என்றும் இருக்கிறதா பாருங்கள். முதலாவது நிக்கானின் எண், இரண்டாவது உங்கள் மாடலின் எண். போர்டு போன மெஷின் தன் பெயரைச் சொல்லாது. வெளிநாட்டில் இந்த ஸ்கேனர்களைப் பழசாகவே நல்ல விலை கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள். அது உங்கள் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரி, வழி என்ன? வியூஸ்கேன் என்ற சாஃப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். 1998 முதல் இருந்துவருவது, கம்பெனிகள் கைவிட்ட ஸ்கேனர்களுக்கு அடைக்கலம். தனக்கு வேண்டிய டிரைவரை அதுவே போட்டுக்கொள்ளும். காசு கட்டாமலே ஓட்டிப் பார்க்கலாம், படத்தின் மேல் முத்திரை விழும், அவ்வளவுதான். ஒரு நெகட்டிவ் அதில் ஸ்கேன் ஆகிவிட்டால் போர்டு கதை அங்கேயே முடிந்தது. அதன் பிறகு காசு கட்டுங்கள். பிலிமுக்கு அதன் புரொஃபஷனல் பதிப்பு வேண்டும். யாராவது 'கிராக்' செய்தது பென்டிரைவில் கொடுத்தால் அந்தப் பென்டிரைவைத் தொடவே வேண்டாம். சில்வர்ஃபாஸ்ட் என்ற இன்னொரு ஸ்கேன் சாஃப்ட்வேரை வாங்குவதானால் ஒன்று: அதன் லைசென்ஸ் ஸ்கேனர் மாடலுக்கு மாடல் தனி. வேறு மாடலின் லைசென்ஸைக் குறைந்த விலையில் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்பா பழகிய நிக்கான் ஸ்கேன்தான் வேண்டும் என்றாலும் வழி உண்டு. ஸ்கேனர்களோடு பேசும் பொது நிரல் விண்டோஸுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. குறைவது, 'இந்த எண் உள்ள பெட்டி ஒரு ஸ்கேனர்' என்று சொல்லும் சின்னக் குறிப்புக் கோப்பு மட்டும். அதில் சில வரிகளைத் திருத்தினால் போதும். திருத்தியதும் கோப்பின் டிஜிட்டல் கையெழுத்து செல்லாமல் போகும், விண்டோஸ் ஏற்க மறுக்கும். ரீஸ்டார்ட் செய்யும்போது அந்தச் சோதனையை ஒருமுறை நிறுத்திவிட்டுத்தான் போட முடியும். சில வரிகள்! இதைச் செய்து தர இவ்வளவு பெரிய கம்பெனிக்கு மனசு வரவில்லை. பூட்டுப் போட்டவன் சாவியைக் கொடுக்காமல் ஊரை விட்டே போய்விட்டான், காவல்காரன் சாவி இல்லாமல் விடமாட்டேன் என்கிறான். நடுவில் நிற்பது நாம்.

இதில் கைவைக்கும் முன் உங்கள் லேப்டாப்பின் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) ரெகவரி எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அந்த ரீஸ்டார்ட்டில் 48 இலக்கமுள்ள அந்த எண்ணைக் கேட்கும். தெரியாவிட்டால் மேலே போக முடியாது. உங்களுக்கு இந்தத் தலைவலி வேண்டாம் என்பதே என் எண்ணம். பழைய 32 பிட் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதில் நிக்கான் ஸ்கேன் போட்டு, இன்டர்நெட் கொடுக்காமல் ஸ்கேனுக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். தூசியையும் கீறலையும் தானாக நீக்க 'டிஜிட்டல் ஐஸ்' என்று ஒரு வசதி உண்டு, வியூஸ்கேனில் 'இன்ஃப்ராரெட் கிளீன்'. கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அதைப் போடாதீர்கள். ஸ்கேனர் அகச்சிவப்பு ஒளியைப் பிலிம் வழியாக அனுப்பி, அது தடுபடும் இடமெல்லாம் தூசி என்று எடுத்துக்கொள்கிறது. கலர் பிலிமில் படம் சாயத்தால் ஆனது, அந்த ஒளி சாயத்தைக் கடந்துவிடும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள். வெள்ளி ஒளியைத் தடுக்கும். அப்போது ஸ்கேனருக்கு மாப்பிள்ளையின் மீசையும் தூசி, பொண்ணின் ஜிமிக்கியும் தூசி. எல்லாவற்றையும் மெழுகிவிடும். இதைச் சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்து மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போல, கலர் லேபில் கழுவும் கறுப்பு வெள்ளை பிலிம் மட்டும் விலக்கு, அது சாயப் படம். டின்னில் எது எது என்று நிச்சயமில்லையா? ஐஸை அணைத்தே வையுங்கள். கலர் என்று கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள்.

ஆறு டின்னையும் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடிக்கிற டின் இருந்தால் அந்தப் பிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது. அதைத் தனியாக எடுத்து வைத்து, அதிலிருந்து ஸ்கேனைத் தொடங்குங்கள்.