ஓவன் இல்லாமல் கேக்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பிரஷர் குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் கேக் செய்யலாம் என்கிறார்கள். காலிக் குக்கரை முக்கால் மணி நேரம் அடுப்பில் வைப்பது ஆபத்து இல்லையா?

பதில்: கேட்டது நல்லது. காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டால் உள்ளே அழுத்தம் சேராது. அந்த வகையில் பயமில்லை. ஆனால் மூடியில் சேஃப்டி வால்வு இருக்கிறது. தண்ணீர் வற்றிச் சூடு மிஞ்சினால் உருகி வழிவிடுவதற்காகவே அதில் சீக்கிரம் உருகும் உலோகம் வைத்திருப்பார்கள். வறண்ட சூட்டில் அது உருகிவிடக்கூடும். உருகிய வால்வை மாற்றாமல் அந்தக் குக்கரை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது. அதனால் குக்கரின் மூடியைத் தொடாதீர்கள். அடிப்பாத்திரத்தை மட்டும் எடுத்து, விளிம்பில் நன்றாகப் படியும் வேறொரு தட்டால் மூடுங்கள்.

அதைவிடப் பொருத்தமானது, அடி கனமான கடாயும் குவிந்த மூடியும். மூடி குவிந்திருந்தால் அதில் படியும் நீர்த்துளி கேக்கின் மேல் சொட்டாமல் ஓரமாக வழிந்துவிடும். நான்-ஸ்டிக் பாத்திரம் மட்டும் வேண்டாம். காலியாகச் சூடேறி 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். அந்தப் புகை உடலுக்குக் கெடுதல்.

கேக் டின்னைச் சுற்றி 2 செ.மீ., மேலே 5 செ.மீ. இடைவெளி கிடைக்கிற பாத்திரமாகப் பாருங்கள். சூடான காற்று சுற்றிவர வழி இல்லையென்றால் கேக் அடியிலிருந்து மட்டுமே வேகும்.

கேள்வி: அடியில் உப்பு கொட்டுவது கட்டாயமா?

பதில்: கட்டாயம் இல்லை. உப்போ மணலோ சூட்டைத் தேக்கிவைத்து, தீ ஏறி இறங்கும்போது உள்ளே சூடு சட்டென்று மாறாமல் பார்த்துக்கொள்ளும். மெல்லிய பாத்திரம் என்றால் ஒரு செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். கல் உப்பு காய்கையில் படபடவென்று தெறிக்கும்; மூடி வைத்தே காயவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் உப்பு அரித்துக் குழி விழவைக்கும் என்பதால் அதற்கு மணல்தான் நல்லது.

உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2 முதல் 3 செ.மீ. உயரமுள்ள ஸ்டாண்ட் வேண்டும். டின்னின் அடி நேராகச் சூட்டில் உட்கார்ந்தால் கருகாமல் இருக்காது.

கேள்வி: முதல்முறை செய்யப்போகிறேன். தவறாமல் வரக்கூடிய ஓர் அளவு சொல்லுங்கள்.

பதில்: 6 அங்குல வட்ட டின்னுக்கு: மைதா 120 கிராம், பொடித்த சர்க்கரை 110 கிராம், முட்டை 2, வாசனை இல்லாத எண்ணெய் 80 மி.லி., பால் 60 மி.லி., பேக்கிங் பவுடர் தலைதட்டி 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசன்ஸ் அரை டீஸ்பூன். மைதாவை எடைபோடுவதே உத்தமம். ஒரே கப்பில் தளர்வாக அள்ளிப் போட்டால் 120 கிராம், அழுத்தி எடுத்தால் 150 கிராம் வரை போகும். அந்த 30 கிராம் கேக்கை வறட்டிவிடும்.

முட்டையும் பாலும் அறைச் சூட்டில் இருக்கட்டும். முதலில் டின்னில் எண்ணெய் தடவி, அடியில் பேக்கிங் பேப்பரை வட்டமாக வெட்டிப் போடுங்கள். கடாயில் ஸ்டாண்டை வைத்து மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் காயவிடுங்கள். உப்போ மணலோ போட்டிருந்தால் 15 நிமிடம். மாவு கலந்த பிறகு கடாயை அடுப்பில் ஏற்றினால், அது காயும்வரை மாவு காத்திருக்கும். பேக்கிங் பவுடர் எழுப்பிய குமிழிகள் அதற்குள் வெளியேறிவிடும்.

முட்டையையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்து நுரை கட்டும்வரை அடியுங்கள். கை விஸ்க் என்றால் 5 நிமிடமாவது ஆகும். எண்ணெய், பால், எசன்ஸ் சேருங்கள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து இருமுறை சலித்து, இரண்டு தவணையாகப் போட்டு, அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்குங்கள். வெள்ளைத் திட்டு மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் கலக்கினால் மைதாவில் குளூட்டன் இறுகி, கேக் ரப்பர் போல இழுக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே நீளநீளமாகப் பொந்து தெரியும். கரண்டியிலிருந்து மாவு ரிப்பன் மாதிரி மடிந்து விழுவது சரியான பதம்.

டின்னில் பாதிக்குச் சற்று மேல்வரை ஊற்றி, ஒருமுறை தட்டி, காய்ந்த கடாயில் இறக்கி மூடுங்கள். தீயைச் சிம்முக்குக் கொண்டுவாருங்கள். 40 முதல் 50 நிமிடம் ஆகும். முதல் 30 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: அடி கருகிவிடுகிறது, நடு பச்சையாக இருக்கிறது, மேலே வெளுத்தே கிடக்கிறது. மூன்றும் ஒரே கேக்கில்! எங்கே தவறு?

பதில்: முதல் இரண்டுக்கும் காரணம் தீதான். கேக் வேகத் தேவையான சூடு 160 முதல் 180 டிகிரி. ‘சிம்’ என்பது அடுப்புக்கு அடுப்பு மாறும்; பெரிய பர்னரின் சிம் பல நேரம் அதிகம். சிறிய பர்னருக்கு மாற்றுங்கள். அப்போதும் கருகினால் கடாய்க்கு அடியில் ஒரு கனமான இரும்புத் தவாவை வையுங்கள்.

சூட்டை அளக்க ஓவன் தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் சர்க்கரையே போதும். அலுமினிய ஃபாயிலில் சிறு கிண்ணம் செய்து, அரை டீஸ்பூன் சர்க்கரை போட்டு, காய்ந்த கடாயில் ஸ்டாண்ட் மேல் வைத்து மூடுங்கள். சர்க்கரை உருகுவது ஏறக்குறைய 186 டிகிரியில். 15 நிமிடத்தில் உருகிவிட்டால் தீ அதிகம். மாவை வீணாக்குவதற்கு முன் இதைச் செய்துவிடுவது எவ்வளவோ மேல்.

தீ அதிகமானால் ஓரம் சீக்கிரம் இறுகிவிடும். நடுவில் இருக்கும் ஈர மாவு பிறகு எழும்பி, மேல்தோலைப் பிளந்துகொண்டு வரும். மேலே எரிமலை மாதிரி வெடிப்பு கண்டால் அதற்கும் இதே மருந்துதான்.

மேல்பக்கம் வெளுத்திருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஓவனில் மேலிருந்தும் சூடு வரும். இங்கே வராது, போதாததற்கு மாவிலிருந்து கிளம்பும் நீராவியும் உள்ளேயே சுற்றுகிறது. ஈரமான பரப்பு சிவக்காது. நடு இறுகிவிட்டதென்று தெரிந்தபின் கடைசி 5 நிமிடம் மூடியை விரலளவு விலக்கி வைத்தால் ஒட்டும் ஈரம் போய்விடும். நிறத்தை வைத்து வெந்ததா என்று கணிக்காதீர்கள். நடுவில் பல்குச்சியைக் குத்தினால் ஈர மாவு ஒட்டக்கூடாது, விரலால் மெல்ல அழுத்தினால் மீண்டெழ வேண்டும், ஓரம் டின்னை விட்டு விலகத் தொடங்கியிருக்க வேண்டும். பரிமாறும்போது கவிழ்த்து வைத்தால் சிவந்த அடிப்பக்கம் மேலே வந்துவிடும்.

கேள்வி: முட்டை இல்லாமல் தயிர் சேர்த்துச் செய்தேன். நன்றாக எழும்பி, இறக்கியதும் நடுவில் குழிந்துவிட்டது. சோப்பு வாடையும் அடித்தது.

பதில்: சோப்பு வாடை என்றால் ஆப்பசோடா கூடிவிட்டது. சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். தயிரின் புளிப்பு தீர்ந்தபின் மிஞ்சும் சோடாதான் அந்த வாடை. பேக்கிங் பவுடரைவிட மூன்று மடங்கு வீரியம் உள்ளது, அதற்குப் பதிலாக அதே அளவு இதைப் போடக்கூடாது. அளவுக்கு மீறிய குமிழிகள் பெருத்து உடைவதால் கேக்கும் அமுங்கும். முட்டை இல்லாத மாவில் தாங்கிப்பிடிக்கும் வலு ஏற்கெனவே குறைவு.

120 கிராம் மைதாவுக்குத் தயிர் 160 மி.லி., பொடித்த சர்க்கரை 110 கிராம், எண்ணெய் 75 மி.லி., பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், சோடா கால் டீஸ்பூன். இரண்டையும் தலைதட்டி அளக்கவும். கலந்த உடனே அடுப்பேற்றிவிட வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் குழிந்தால் நடு வேகவில்லை, அல்லது மூடியை முன்கூட்டியே திறந்திருக்கிறீர்கள். எழும்பவே இல்லையென்றால் பேக்கிங் பவுடரைச் சோதியுங்கள்: அரை டீஸ்பூனைச் சுடுநீரில் போட்டால் சுறுசுறுவென்று நுரைக்க வேண்டும்.

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பில் முடியுமா?

பதில்: காலிப் பாத்திரம் மிஞ்சிச் சூடானால் பல இண்டக்‌ஷன் அடுப்புகள் தாமாகவே நின்றுவிடும். இதில் ஆவியில் வேகவைப்பதே எளிது. பாத்திரத்தில் ஸ்டாண்டின் உயரத்துக்குக் கீழே தண்ணீர் விட்டு, டின்னின் வாயை ஃபாயிலால் இறுக்கி மூடி, 45 முதல் 50 நிமிடம். சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவக்காது, கருகவும் கருகாது. மிக மிருதுவாக இருக்கும்.

கேள்வி: இதே அளவை இரட்டிப்பாக்கி 8 அங்குல டின்னில் செய்யலாமா?

பதில்: 8 அங்குல டின்னின் பரப்பு 6 அங்குலத்தைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு, மாவு கணக்குக்குச் சரிதான். ஆனால் கடாயில் சுற்று இடைவெளி போய்விடும். 6 அங்குலத்தில் இரண்டு தடவையாகச் செய்து அடுக்குங்கள். மாவையும் இரண்டு தடவையாகவே கலக்க வேண்டும்.

கேள்வி: டின்னிலிருந்து எடுக்கும்போது உடைந்துவிடுகிறது.

பதில்: சுடச்சுடக் கவிழ்த்தால் உடையும், டின்னிலேயே மணிக்கணக்கில் விட்டால் வியர்த்து அடி நசநசக்கும். இறக்கி 10 நிமிடம் கழித்து, ஓரத்தில் மெல்லிய கத்தியைச் சுற்றிவிட்டு, கம்பித் தட்டில் கவிழ்த்துப் பேப்பரை உரியுங்கள். முழுக்க ஆறியபின் வெட்டுங்கள், ரம்பப் பல் கத்தி என்றால் துகள் உதிராது.